விழுங்கக் கற்றுக்கொடுத்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலருக்காக இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஜோகுபாளையத்தில் பிறந்தார். அரசு ஊழியராக இருந்த அப்பா, அக்காவின் கல்லூரி நாட்களிலேயே காலமானார். மாலையில் டியூஷன் எடுத்தபடியே அக்கா படித்து முடித்தார், என்னையும் படிக்கவைத்தார். உணவை விழுங்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது அவர் பணி. பக்கவாதம் வந்த பெரியவர்களையும், குழாய் வழியாகவே பால் குடித்து வளர்ந்த குழந்தைகளையும் இருபத்தைந்து ஆண்டுகள் பார்த்தார். ஒரு சிறுமிக்கு முதல் வாய் ராகிக் கஞ்சி இறங்க ஏழு மாதம் ஆயிற்று. அவசரப்பட்ட தாயிடம், "அவசர பேடம்மா, ஸ்வல்ப ஸ்வல்ப" என்று வாரந்தோறும் கன்னடத்தில் சிரித்தபடியே சொல்வாராம்; அவசரம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக என்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பொங்கலன்று சாப்பிடும்போது அக்காவுக்குத் தண்ணீர் புரையேறியது. "மெதுவா குடியேன்க்கா" என்றேன். அவர் முகம் மாறியது. எனக்குக் காரணம் புரியவில்லை.

மறுவாரம், தம்மிடம் பயின்ற பெண்ணையே பரிசோதிக்கச் சொன்னார். மருந்து கலந்த கஞ்சியை அக்கா விழுங்க, அது இறங்குவது எக்ஸ்ரே திரையில் தெரிந்தது. கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போனது. அந்தப் பெண் அழுதுவிட்டார்.

"அழாதேம்மா. பாத்தத அப்படியே எழுது" என்றார் அக்கா.

நரம்புகள் செயலிழந்துகொண்டே போகும் நோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். சில மாதங்களில் பேச்சு குழறியது. வயிற்றில் குழாய் வைத்தார்கள். அம்மாவால்தான் தாங்க முடியவில்லை.

"ஒரு வாய் குடுத்தா என்னடி ஆயிடும்?" என்று கெஞ்சுவார்.

"நுரையீரலுக்குப் போயிடும்மா." எத்தனையோ குடும்பங்களிடம் சொன்னதைப் பெற்ற தாயிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவின் பிறந்தநாளன்று அக்கா தாமே கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைத் தாழ்த்தி, "அரை ஸ்பூன் பாயசம். கெட்டியா" என்றார். அம்மா மசித்து ஊட்டினார். விழுங்க வெகுநேரம் ஆயிற்று. இருமல் வரவில்லை.

"நல்லாருக்கும்மா."

அம்மா சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மீதியை நான் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, பதற்றத்தில் அம்மா சர்க்கரையே போடவில்லை.

அதன்பின் அக்கா வாய்வழியாக எதையும் சாப்பிடவில்லை. ஐந்தே வாரங்களில் மூச்சு அடங்கியது.

கடைசிவரை வீட்டுக்கு வந்து கவனித்த அந்தப் பெண்ணுக்கும், செவிலியருக்கும், முறைவைத்து எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இந்த மலரை அவருக்குப் படித்துக் காட்டுபவர்கள், சர்க்கரை பற்றிய வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள்.