சிரிக்க அனுமதி

சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் அக்கா முதலில் ஊசியைக் கீழே வைத்துவிடுவார். ஒருமுறை வைக்க மறந்து, கதாநாயகனின் தோளில் குத்திய அனுபவம். அடுத்து, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவின் இரு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொள்வார். உதடு மடியும். மூக்கு விடைக்கும். தோள் குலுங்கும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வது நல்லது. ‘சரவெடி அக்கா’ என்று அவருக்குப் பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

எங்கள் தொலைக்காட்சித் தொடரின் உடைப் பிரிவில் அவர்தான் தையல். கதை, எழுத்து வராமல் தவிக்கும் ஒரு நாவலாசிரியரைப் பற்றியது. பாதி சிரிப்பு, பாதி கண்ணீர். வசனம் எழுதும் இருவரில் நான் ஒருவன். ஒத்திகையில் அக்கா சிரித்துவிட்டால் அந்த வசனம் தேறியது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். சிரிக்காவிட்டால் கமுக்கமாகத் திருத்திவிடுவோம். இயக்குநருக்கு இது இன்னும் தெரியாது.

அக்கா துணிகளோடு பேசுவார். “ஏன்டா முறுக்கிக்கிற? படிஞ்சு வாடா ராஜா” என்று காலரைக் கெஞ்சுவார். யார் எதிரே வந்தாலும் முகத்துக்கு முன் பொத்தானைத்தான் பார்ப்பார். “சார், மூணாவது பட்டன் உசிரை விடப்போகுது. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க.” கணவர் பேருந்து ஓட்டுநர். “அவர் ஹாரன் அடிச்சா தெரு விலகும். நான் சிரிச்சா ஊரே விலகும்” என்பார்.

வீட்டில் மாமியார் ஒரு பழமொழியைக் கையிலேயே வைத்திருக்கிறார்: “பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையில விரிச்சாப் போச்சு.”

“நம்ம வீட்டுலதான் பொகையிலயே இல்லையே அத்தை, பாதி தப்பிச்சோம்!” என்று சொல்லிவிட்டு அதற்கும் ஒரு வெடி.

ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும், பல்வலி வந்தவர் போல வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்.

போன மாதம் ஓர் அத்தியாயம் எடுத்தோம். நாவலாசிரியரின் முன்னாள் மனைவி எழுதிய முதல் புத்தகத்துக்குப் பரிசு. அந்த விழாவுக்கு அழைப்பே இல்லாமல் நாவலாசிரியர் போகிறார். மேடையேறி வாழ்த்த நினைக்கும்போது கையிலிருந்த தாள்கள் நழுவுகின்றன. குனிகிறார். பேன்ட்டின் பின்தையல் பிரிகிறது.

நடக்கும்போது தாங்க வேண்டும், குனிந்தால் பிரிய வேண்டும். அப்படி ஒரு தையல் போட்டவர் அக்கா. “ஒட்டியும் ஒட்டாம இருக்கணும், சார். எங்க நாத்தனார் மாதிரி.”

முதல் முறை ‘பர்ர்’ என்று பிரிந்தது. மேடைத் திரைக்குப் பின்னால் நின்ற அக்கா வெடித்தார். காட்சி போயிற்று. மறுபடி தைத்தார், மறுபடி பிரிந்தது, மறுபடி வெடித்தார். மூன்றாவது முறை வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார். சத்தம் மூக்கு வழியே வந்தது. மண்டபத்தை மாலைக்குள் காலி செய்ய வேண்டும். தயாரிப்பு நிர்வாகி கொதித்துப்போனார்.

“இன்னொரு தடவை சத்தம் வந்துச்சுன்னா, நாளைக்கு வேற தையல்காரங்களைப் பார்த்துக்குறேன்!”

அக்கா ஊசி டப்பாவை மூடிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அவர் சத்தமில்லாமல் நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கதாநாயகன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். “அக்கா வெளியே போனா என் பேன்ட்டும் வெளியே போகும்” என்றார், பின்பக்கத்தைத் தாளால் மறைத்தபடி. இயக்குநர் தலையைச் சொறிந்தார். பிறகு கையைச் சொடுக்கினார்.

“விழாவுக்கு வந்த கூட்டத்துல அக்காவையும் உக்கார வைங்க. மூணாவது வரிசை. அக்கா, இப்ப வாய்விட்டுச் சிரிக்கலாம். நீங்க சிரிச்சதும் மத்தவங்க சேர்ந்துக்கட்டும்.”

பச்சை உடை கொடுத்து, முகத்துக்குப் பவுடர் பூசி உட்கார வைத்தார்கள். கேமரா ஓடியது. தாள்கள் விழுந்தன. கதாநாயகன் குனிந்தார். தையல் சொன்ன சொல் தவறாமல் பிரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை.

கூட்டம் அவரையே பார்த்தது. ஊசி விழுந்தால் கேட்கும். இயக்குநர் ‘கட்’ சொல்ல வாயெடுத்தபோது, கதாநாயகன் மெதுவாக நிமிர்ந்து, பின்னால் தடவிப் பார்த்து, ஒலிவாங்கியை எடுத்தார்.

“பத்து வருஷமா என்கிட்டேருந்து எதுவுமே வெளிவரலன்னு எல்லாரும் குறை சொன்னீங்க. இதோ, வந்திருக்கு.”

அக்கா வெடித்தார். கூட்டம் மொத்தமும் தீப்பிடித்தது. முன்னாள் மனைவியாக நடித்தவர் பரிசுக் கேடயத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். ஒளிப்பதிவாளரின் தோளும் ஆடியது. நிர்வாகி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்; அவர் முதுகு குலுங்குவது நிற்கவேயில்லை. அந்த வசனம் நாங்கள் எழுதியதல்ல. பெயர் மட்டும் எங்களுக்கு.

“முதல்ல ஏன்க்கா சிரிக்கல?” என்று தேநீர் நேரத்தில் கேட்டேன்.

“இத்தனை நேரம் பின்னாடி நின்னு பேன்ட்டைத்தான் சார் பார்த்தேன். அங்க உக்காந்ததும் மூஞ்சியப் பார்த்துட்டேன். பாவம், அந்த மனுசன் என்னமா முழிக்கிறாரு! அப்புறம் அவரே சிரிக்கச் சொல்ற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்.”

அந்த அத்தியாயம் ஒளிபரப்பான அன்று அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கணவர் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார். தையல் பிரிந்தது, வசனம் வந்தது, சிரிப்பு கிளம்பியது. மாமியாருக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணைத் துடைத்தபடி, “யாருடி அவ, இப்படிச் சிரிக்கிறா?” என்றார்.

“அம்மாதான் பாட்டி!” என்று மகள் கத்தினாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, தன் சிரிப்பை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகளின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.