கடதாசி மாலை போட்ட படம்

2024 ஒக்டோபர் 19, சனிக்கிழமை. வழக்கம்போல் தபால்பெட்டியிலிருந்து உள்ளூர்ப் பத்திரிகையை எடுத்துவந்து, தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு, வானிலையிலிருந்து படிக்கத் தொடங்கினேன். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரில் மதியம் வரை மூடுபனி என்று போட்டிருந்தது. யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டைக் காணவில்லை. அதன் கூரை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

உட்பக்கத்தில் என் மனைவியின் படம் இருந்தது.

வரும் என்று தெரியும். பல வருடங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்தை விட்டு, வீட்டுக்குக் கிட்டவுள்ள இன்னொன்றுக்கு மாறுகிறாள். பிரியாவிடைக்கு நிருபர் வந்திருந்தார். அங்குள்ள முதியவர்களுக்கு மாலை கட்டப் பழக்கியவள் இவள். அவர்கள் ஆரஞ்சுக் கடதாசியில் பூச்செய்து கட்டிய மாலையை, சட்டம் போட்ட இவளுடைய படத்துக்கே போட்டு நடைகூடத்தில் மாட்டிவிட்டார்கள். நிருபருக்கு அது பிடித்துப்போயிற்று. அதை மட்டுமே எடுத்திருந்தார்.

"உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்கு மாலை போடக்கூடாது எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அந்தக் கிழவியளின்ர முகத்தைப் பாத்தா வாய் வருமோ? நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

பத்திரிகையின் இணையப் பக்கத்தில் படமும், 'நன்றியுடன் விடைகொடுக்கிறோம்' என்ற தலைப்பும் மட்டுமே எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தைச் சந்தா கட்டினால்தான் படிக்கலாம். யாரோ அதை எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். தேநீர் ஆறமுன் தொலைபேசி அடித்தது. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர்.

"அண்ணை, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"அக்கா..."

"அக்கா குசினியில நிக்கிறா. குடுக்கட்டோ?"

அவர் பட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

பிறகும் அழைப்புகள் வந்தபடி இருந்தன. நான் வாய் திறக்குமுன், அவள் எவ்வளவு நல்லவள், யார் யாருக்கு ஆஸ்பத்திரியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று சொன்னார்கள். நான் ஒவ்வொன்றையும் அவளிடம் திருப்பிச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு மடித்த துணிகளை மடியில் வைத்தபடி யன்னலடியில் இருந்து, வேறு யாருடையதோ கதைபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டோர்ட்மண்டுக்கும் போயிருக்குமோ?" என்றாள்.

டோர்ட்மண்டில் இருப்பது அவளுடைய அக்கா. எங்கள் மகளின் கல்யாணத்தில் ஆராத்தி எடுக்கத் தன்னைக் கூப்பிடவில்லை என்று கோபித்துப் போனவர், அதற்குப் பிறகு பேசவில்லை. இவள் அக்காவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தொலைபேசியில் அவருடைய எண்ணை அழுத்துவாள். மணி அடிக்குமுன் நிறுத்திவிடுவாள்.

அக்காவுக்கு உண்மையைச் சொல்ல நான் தொலைபேசியை எடுத்தேன். என் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ. வாறாவோ எண்டு பாப்பம்."

நான் தொலைபேசியை வைத்தேன். நெருங்கிய சொந்தமென்றால் செத்த வீட்டுக்குப் போன் எடுத்து விசாரிப்பதில்லை, புறப்பட்டு வரவேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூடுபனிக்குள்ளிருந்து உருவங்கள் வந்தன; நாயோடு ஒருவர், சைக்கிளோடு ஒருவர். கடந்து போய் மறுபடி வெண்மையில் கரைந்தார்கள். ஒவ்வொருவரையும் அவள் மூலை வரை பார்த்தாள். துணிகள் மடியிலேயே கிடந்தன. கடைசியில், குளிர்கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சேலையின் கரை தெரிய, இரண்டு கையிலும் பைகளோடு ஒருவர் எங்கள் வாசலில் நின்றார்.

கதவைத் திறந்தது இவள்தான். அக்கா பைகளைக் கீழே வைத்தார். விரலால் இவள் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு தோளில் ஓங்கி அடித்தார்.

"எடியே! ட்ரெயினில வழி முழுக்க அழுதுகொண்டு வந்தனான். சனமெல்லாம் பாத்தது!"

"செத்தாத்தான் வருவியோ அக்கா?"

"நீயும் செத்தாப்பிறகுதானே எனக்குக் கதவு திறந்தனீ!"

பைகளுக்குள் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் இருந்தன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சொந்தக்காரர்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்று சமைத்திருக்கிறார். அழுதுகொண்டு சமைத்ததில் பருப்புக்கு இரண்டு தரம் உப்பு விழுந்திருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். கல்யாணத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மதியம் கழிந்தும் மூடுபனி விலகவில்லை. பத்திரிகை அதிலும் பிழைவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்களுக்கு முன் எழும்பிய அக்கா, என் மனைவியின் பூப்போட்ட வீட்டுச் சட்டையில் நின்று எங்கள் அடுப்பை மூட்டினார். சீனி எங்கே என்று குசினியிலிருந்து சத்தமாகக் கேட்டார். படுக்கையில் கண்ணைத் திறக்காமலே, "மேல் தட்டில, அக்கா," என்றாள் இவள்.