கூட்ஸ் வண்டி விழுங்கிய மணி

இன்று காலை பூ வரவில்லை.

பூ என்றால் உங்களுக்கும் தெரிந்த பூதான். விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழுமே, பனித்துளி ஒட்டிய ரோஜா, அடியில் கொட்டை எழுத்தில் காலை வணக்கம். எனக்கு அனுப்புகிறவர்கள் பதினோரு பேர். பத்துப் பேருடையதைத் திறக்காமலே அழித்துவிடுவேன். மாதேஷ் அனுப்புவதற்கு மட்டும் காத்திருப்பேன். கவிதை எழுதுகிறவள் ரோஜாப் படத்துக்கு ஏங்குகிறாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். உங்களோடு இருக்கட்டும்.

பதினோரு மணி. சட்னி அரைக்கப் போட்ட மிக்ஸியை மறந்து நின்றிருக்கிறேன். மோட்டார் சூடேறி ஒரு கருகல் வாசனை. அந்த வாசனை என்னை நேராக ரயிலடித் தெருவுக்கு, மாமா வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. கண்ணாடிக் கூண்டின் கதவைச் சாத்தினால்தான் உள்ளே விசிறி ஓடும். அதன் மோட்டாரும் இப்படித்தான் கருகும். பேசுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச, மறுமுனையில் இருப்பவர்கள் அழுகிறார்கள் என்று பயந்துபோவார்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்று. எழுதி எழுதியே உலகத்தைத் திருப்பிப் போடப் போகிறேன் என்று பி.ஏ. முடித்து வந்தவளை, 'அதுவரைக்கும் இங்க ஒக்காரு' என்று மாமா பூத்தில் உட்கார வைத்தார். எங்கள் ஊர் பொம்மிடியில் உலகம் அன்றாடம் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தது. நான் பில் கிழித்துக்கொண்டிருந்தேன்.

கார்கிலில் சண்டை நடந்த கோடை அது. மாம்பழ லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். தெருவெல்லாம் பழம் நசுங்கிய இனிப்பு நாற்றம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கால்மணி நேரம் முன்னால் சின்னபாப்பா அக்கா வந்துவிடுவார். அவருடைய ஒரே மகன்தான் மாதேஷ். மாங்காய் லாரியில் கிளீனராகப் போய், ஓட்டக் கற்று, பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வயது.

"அவனுக்குத் துப்பாக்கி புடிச்சி மல ஏறுற வேல இல்ல கண்ணு. குண்டு வுழற ஊர்ல இருந்து சனங்கள லாரில ஏத்திக் கீழ கொண்டாந்து எறக்கணும். மாவு, சீமெண்ண, கம்பளின்னு கொண்டுபோய்க் குடுக்கணும். புண்ணியமான வேல."

"அப்புறம் என்னக்கா பயம்?"

"அது குண்டுக்குத் தெரியணுமே."

அங்கே ஒரு போனுக்கு ஐம்பது பேர் வரிசை. பேச்செல்லாம் நடக்காது. அதனால் மாதேஷ் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தான். ஞாயிறு நாலு மணிக்கு மூன்று ரிங் அடித்துவிட்டு வைத்துவிடுவான். யாரும் எடுக்கக்கூடாது. மூன்று அடித்தால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

நாலு நெருங்கினால் மற்றவர்களைப் போனைத் தொடவிட மாட்டேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புப் போனையே பார்ப்பார். முதல் ரிங்கில் கண்ணை மூடுவார். மூன்றாவது முடிந்து நிற்கும்போதுதான் பயமே. நாலாவது அடித்துவிடுமோ? நாலாவது என்றால் வேறு யாரோ, வேறு என்னவோ. அந்த அமைதியை இருவரும் மூச்சுவிடாமல் கேட்போம். பிறகு அக்கா எழுந்து, "டீ குடிக்கலாம் வா" என்பார்.

ஒரு ஞாயிறு மணி அடிக்கவில்லை.

சரியாக நாலு மணிக்கு ஒரு கூட்ஸ் வண்டி போனது. நீளமான வண்டி. பூத்தின் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. அது போய் முடிந்தபோது நாலைந்து நிமிடம் ஆகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கூட்ஸ் போனப்ப அடிச்சிருக்கும்க்கா. சத்தத்துல கேக்கல."

"அடிச்சிருக்கும் இல்ல?"

"போன் அதிர்ந்த மாதிரி இருந்துச்சு. பாத்தேன்."

பார்க்கவில்லை. அன்று அக்கா டீ குடிக்காமல் போனார்.

அந்த வாரம் பேப்பரில் வந்த பெயர்களையெல்லாம் விரல் வைத்துப் படித்தேன். தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே, எந்த வீட்டில் நிற்கிறது என்று வாசலுக்கு வந்து பார்ப்பேன். அடுத்த ஞாயிறும் கூட்ஸ் வரும் என்பது நிச்சயமில்லை. சனிக்கிழமை பர்வீனுக்குப் போன் போட்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவளுடைய அண்ணனும் பூத் வைத்திருந்தார். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"நாளைக்கி நாலு மணிக்கு எனக்கு மூணு ரிங் விட்டு வெச்சிடுடி."

"யாருடி அவன்?"

சொன்னேன்.

"அந்தப் பையன் ஒருவேள இல்லன்னா என்னாடி பண்ணுவ?"

"நீ விடுவியா, மாட்டியா?"

விட்டாள். மூன்று ரிங், சுத்தமாக. அக்கா அழுதுகொண்டே என் கன்னத்தைத் தடவினார். அவர் கை பட்ட இடம் எரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் பர்வீன்தான். அன்றைக்கு அக்கா இன்லேண்டு லெட்டரோடு வந்தார். அவர் சொல்ல நான் எழுதுவதுதான் வழக்கம்.

"ரெண்டு வாரமா நீ அடிச்ச மணி நல்லாக் கேட்டுச்சு சாமி. அம்மா தெம்பா இருக்கேன்னு எழுது."

எழுதினேன். அந்த ஒரு வரியை விட்டிருக்கலாம். ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நான் எங்கே தடுமாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். என் கையெழுத்தில் என் பொய், ராணுவ முகவரிக்குப் போனது. வாங்க ஆள் இல்லாமல் கடிதம் திரும்பி வந்துவிடுமோ என்று தினமும் தபால்காரர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, நான் பர்வீனிடம் சொல்லாத ஞாயிறு, மூன்று ரிங் வந்தது.

சண்டை நின்று சில மாதம் கழித்து அவன் லீவில் வந்தான். கறுத்து, காது மடல் தோலுரிந்து, பூத் வாசலிலேயே நின்றான்.

"எங்கம்மாவுக்குக் கடுதாசி எழுதறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அந்த ரெண்டு வாரம் யாருங்க ரிங் விட்டது?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். மாதேஷ் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ரோட்டுல குண்டு வுழுந்து மூணு வாரம் அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டோங்க. நானும் லாரியும், இருவது முப்பது ஊர்ச் சனமும். போனு கெடையாது. திரும்பி வந்தா இந்தக் கடுதாசி. நான் அடிச்ச மணி கேட்டுச்சுன்னு எழுதியிருக்கு. நான்தான் அடிக்கலையே! அந்த ரோட்டுலயே நான் போய்ச் சேந்துட்டனா, எனக்குத்தான் இன்னும் தெரியலையான்னு... பக்கத்துல இருந்தவன கையக் கிள்ளச் சொன்னேன்."

"கிள்ளினாரா?"

"அறஞ்சான்."

இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு கேட்காமலே ஒன்று சொன்னான். முகாமாக்கிய பள்ளிக்கூடத்தில் ஒரு கிழவி. ஊரைவிட்டு இறங்கும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தவள். இவன் மேலே போய்த் திரும்பும்போதெல்லாம் லாரியை மறித்துப் பூட்டு இருக்கிறதா என்று கேட்பாளாம். வீடு என்றைக்கோ இடிந்துபோயிருந்தது. கதவு கிடந்தது, கதவில் பூட்டும் தொங்கியது.

"பூட்டு நல்லா இருக்குதும்மான்னே சொல்லிட்டு வந்தங்க. பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

போகும்போது வாசலில் திரும்பி நின்றான்.

"இனிமே நான் ரிங் விடலைன்னா, விடலைன்னே இருக்கட்டுங்க. நீங்க விட வேண்டாம்."

சரி என்றேன். லீவு முடிந்து அவன் போனான். ஞாயிறு நாலு மணிக்கு மூன்று ரிங் வந்தது. அக்கா கண்ணை மூடிச் சிரித்தார். நான் உடனே கூண்டுக்குள் போய்ப் பர்வீனைக் கூப்பிட்டேன்.

"நீயாடி விட்ட?"

"நான் இல்லடி."

பாவம் பார்த்துப் பொய் சொல்கிறாளோ? அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூட அந்த மணியை என்னால் நம்ப முடியவில்லை. நாலு மணிக்கு அக்கா நிம்மதியாக எழுந்து போவார். நான் அவன் கடிதம் வரும்வரை நாள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்கா போய் ஒன்பது வருடம் ஆகிறது. பூத் இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். கண்ணாடிக் கூண்டை ஒரு கோழிக்கடைக்காரர் வாங்கிப்போனார். பர்வீன் ஆம்பூரில் பேரன் எடுத்துவிட்டாள். இன்றும் கேட்டால் "நான் இல்லடி" என்கிறாள். மாதேஷ் பட்டாளத்திலிருந்து வந்து காரிமங்கலம் பக்கம் ஒரு குடோனில் செக்யூரிட்டியாக இருக்கிறார். தனியாள். தினமும் காலை ஆறு மணிக்கு டியூட்டி முடிந்ததும் பூ.

இப்போது மணி நாலு. 'சாப்பிட்டீங்களா?' என்று மத்தியானம் அனுப்பியதற்கு இன்னும் ஒற்றை டிக்தான். அடித்துப் பார்க்கலாம். எடுக்காமல் மூன்றாவது ரிங்கும் தாண்டி நாலாவது போனால்?

இந்த வீடும் தண்டவாளத்தை ஒட்டித்தான். ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் போகிறது. முன்பைவிட நீளமான வண்டி. கண்ணாடி ஆடுகிறது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வண்டி போய் முடிந்துவிட்டது. கையிலிருந்த போன் அதிரவில்லை; வண்டிமேல் போட ஒரு பழியும் இல்லை.