ஒரு அத்தானுக்கு எத்தனை வாற்?

"எத்தனை ஃபான், எத்தனை லைட்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒரு அத்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பகிடி விடவில்லை. கிளிநொச்சியில், பட்டப்பகலில், அது நான் ஏறிய மூன்றாவது கடை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை... அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். என் அக்காவின் கணவர் வற்றாப்பளையில் இருக்கிறார். நீண்ட காலம் லொறி ஓட்டியவர். நெஞ்சு பழுதாகி, இப்போது மூக்கில் ஒரு ரியூப்போடு ஒட்சிசன் மெஷினுக்குப் பக்கத்தில்தான் சீவியம். மெஷின் ஓடக் கரண்ட் வேண்டும். கரண்ட் நின்றால்? கால் மணித்தியாலத்தில் அத்தானின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கும்.

சித்திரையில் இடியோடு மழை பெய்த இரண்டு நாளும் கரண்ட் போனது. இரண்டு நாளும் அக்கா அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டாவது தரம் அங்கிருந்த டொக்டர் சொல்லியிருக்கிறார் — "அம்மா, இனிச் சோளகக் காத்துத் தொடங்கினா அடிக்கடி கரண்ட் போகும். வீட்டில ஒரு இன்வேட்டர் பூட்டுங்கோ."

பற்றரியில் இருக்கும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற பெட்டிதான் இன்வேட்டர். அது வரைக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அக்கா என்ன நினைத்தார்? "தம்பி பேப்பரில எழுதிறவன், அவனுக்குத் தெரியாததோ" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். வாசகர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். எங்கள் வீட்டில் பல்ப் மாற்றுவதே மனைவிதான்.

முதலாவது கடையில் "ஆயிரம் விஏ எடுங்கோ, காணும்" என்றார்கள். அப்படியென்றால் எத்தனை வாற் என்று கேட்டேன். "அறுநூறு, எழுநூறு வரும்" என்றார்கள். மிச்சம் முந்நூறு எங்கே போனது? கேட்டேன். சிரித்தார்கள்.

இரண்டாவது கடையில் ஒருவர் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு படம் கீறிக் காட்டினார். ஒன்று வளைந்து வளைந்து போகிற அலை. மற்றது படிக்கட்டு.

"ஐயா, மலிவானது படி மாதிரித்தான் கரண்ட் குடுக்கும். லைட்டுக்குப் பறவாயில்லை. ஆஸ்பத்திரி மெஷினுக்கு அலை வேணும். பியூர் சைன் வேவ் எண்டு கேட்டு வாங்குங்கோ."

அலை என்றால் நான் நாயாற்றுக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். அது பெட்டிக்குள் எப்படி வரும் என்று யோசித்தபடி இறங்கினேன்.

மூன்றாவது கடை, முதலில் சொன்ன 'அத்தான்' கடை. அவர் நல்ல மனிதர். பெட்டியை விடுங்கோ, பற்றரிதான் முக்கியம் என்றார். நூற்றைம்பது 'ஆம்பியர்-அவர்' போதும் என்றார். அது எத்தனை மணித்தியாலம் ஓடும்?

"லோட்டைப் பொறுத்தது."

லோட் எவ்வளவு?

"அது உங்கட மெஷினைப் பொறுத்தது."

மெஷின் எவ்வளவு இழுக்கும்?

"தொடங்கேக்க மூண்டு மடங்கு இழுக்கும். பிறகு குறையும்."

எதில் மூன்று மடங்கு? நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இது போதாதென்று குடும்பத்து வட்ஸ்அப் குறூப். எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத நாடு ஏது? பாரிஸில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி "லித்தியம் பற்றரிதான் வேணும், மற்றதெல்லாம் குப்பை" என்று குரல் பதிவு போட்டான். சுவிஸில் இருக்கும் மருமகள் "சோலார் பூட்டினா ஒரேயடியா விசயம் முடிஞ்சுது மாமா" என்றாள். லண்டன் பெரியம்மா ஓர் அம்மன் படமும் கும்பிடுகிற கையும் அனுப்பினார். எனக்கு விளங்கியது அந்தக் கை மட்டும்தான்.

கடைசியில் ரொறன்ரோவிலிருந்து தீபன் குறூப்பில் வந்தான். அக்கா, அத்தானின் ஒரே மகன்.

"ஒருத்தரும் ஒண்டும் வாங்காதேங்கோ. அங்கத்தைச் சாமானை நம்பேலாது. அப்பாவுக்கு நான் அனுப்புறன்."

குறூப் அடங்கியது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது — இனி யோசிக்கத் தேவையில்லையே!

வைகாசியில், அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த ஒருவரின் சூட்கேசில் பெட்டி வந்து சேர்ந்தது. வற்றாப்பளைப் பொங்கல் என்றால் எங்கள் ஊருக்குப் பாதிக் கனடா வந்து இறங்கும். ஆள் இறங்க முடியாத வீட்டுக்குச் சாமானாவது இறங்கும். தீபனுக்கு இன்னும் விசா அலுவல் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. பெட்டியைக் கண்டதும் அக்கா அழுதுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் இருந்து கொண்டுவந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அதன் நெற்றியில் வைத்தார்.

நல்ல பாரம். வெள்ளி நிறம். மேலே பெரிய எழுத்தில் இரண்டாயிரம் வாற், பியூர் சைன் வேவ். அலை வந்துவிட்டது!

ஒரேயொரு வித்தியாசம். பிளக் குத்துகிற துளைகள் எங்கள் ஊர்த் துளைகள் மாதிரி இல்லை. தட்டையாக, இரண்டு கீறல். இதெல்லாம் எங்களுக்கு ஒரு பிரச்சினையா? பேனை மூடியால் சுவர் பிளக்கின் மேல் துளையைக் குத்தித் திறந்து, எந்த பிளக்கையும் எந்த ஓட்டைக்குள்ளும் ஏற்றிப் பழகிய சனம் நாங்கள். முள்ளியவளைக் கடையில் ஒரு மாற்று பிளக் வாங்கினேன். பக்கத்து வீட்டு ட்ரக்டர் பற்றரியை இரவல் எடுத்துக் கொழுவினோம்.

"இஞ்சாருங்கோ, ஒரு ரெண்டு நிமிசம் ரியூப்பைக் கழட்டிப்போட்டு இருங்கோ" என்றார் அக்கா. அத்தான் கழற்றினார். நான் மெஷினை இன்வேட்டரில் கொழுவிச் சுவிட்சைப் போட்டேன்.

மெஷின் ஒரு தரம் முனகியது. சிவப்பு லைட் எரிந்தது. பிறகு கீ... கீ... என்று கத்தியது.

அணைத்துவிட்டு மீண்டும் போட்டேன். முனகல். சிவப்பு. கீ.

அத்தான் நெஞ்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவசர அவசரமாக மெஷினைச் சுவர் பிளக்கில் கொழுவி, ரியூப்பை அவர் மூக்கில் மாட்டினோம்.

இன்வேட்டர் பழுதா? போன் சார்ஜரைக் கொழுவிப் பார்த்தேன். போன் சார்ஜ் ஆனது! மேசை ஃபானைக் கொழுவினேன். சுற்றியது... ஆனால் விருப்பம் இல்லாமல் சுற்றியது. அப்படியென்றால் பெட்டி நல்லதா, கெட்டதா? போனுக்கு நல்லது, ஃபானுக்கு அரைகுறை, அத்தானுக்குக் கெட்டது — இப்படியும் ஒரு சாமான் இருக்குமா?

பற்றரியில் குறை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேறு பற்றரி வந்தது. அதே கீ. வயர் மெல்லிசு என்றார் இன்னொருவர். தடித்த வயர் வந்தது. அதே கீ. பாரிஸ் தம்பி "நான் அப்பவே சொன்னனான், லித்தியம்" என்றான். தீபனுக்கு மட்டும் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — "பிள்ளை லீவில்லாமல் வேலை செய்து அனுப்பினது. அவனிட்டை வாய் திறக்கக் கூடாது."

நான் கையேட்டைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். ஆங்கிலத்தில் முழுவதும் வாசித்தேன். பிரெஞ்சுப் பக்கங்களையும் புரட்டினேன் — அதில் ஏதாவது இருக்கலாம் அல்லவா? மழையில் வைக்கக் கூடாது, குழந்தைகள் தொடக் கூடாது. எல்லாம் இருந்தது. என்னுடைய கேள்வி என்னவென்றே எனக்குத் தெரியாதபோது பதில் எப்படிக் கிடைக்கும்?

நாலாம் நாள் கிளிநொச்சி பாரதிபுரத்திலிருந்து செல்வம் வந்தார். வீட்டு வயரிங் வேலை செய்பவர். போனில் என் கதையைக் கேட்டு மூன்றாவது கடைக்காரர்தான் இரங்கி அனுப்பிவைத்தார். செல்வம் ஒன்றையும் கொழுவவில்லை. முதலில் ஒட்சிசன் மெஷினின் பின்பக்கம் குனிந்து, அங்கே ஒட்டியிருந்த லேபிளை வாசித்து, உள்ளங்கையில் பேனையால் எழுதினார். பிறகு இன்வேட்டரைத் தலைகீழாகப் புரட்டினார். சந்தனம் அவர் கையில் ஒட்டியது.

"ஐயா, இது கனடாவுல ஓடுற சாமானுங்க. அங்க வீட்டுக் கரண்டு நூத்தி இருபது வோல்ற்தான். நம்ம லைனு இருநூத்திமுப்பது. உங்க மெஷினும் இருநூத்திமுப்பது கேக்குது. பாதிச் சோறு போட்டு முழு வேலை செய்யச் சொன்னா செய்யுமா?"

"அப்ப போன் சார்ஜ் ஆகுதே?"

"போன் சார்ஜர் எந்த ஊரு கரண்டையும் தின்னுங்க."

பெட்டியின் அடியில், நகத்தளவு எழுத்தில் இருந்தது. 120. நாங்கள் எல்லோரும் மேலே இருந்த இரண்டாயிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு நாட்டில் இருந்து ஆலோசனை சொன்னவர்களில் ஒருவருக்காவது இது தோன்றியதா? இல்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் ஊரில் அடியைப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லையே!

செல்வம் உள்ளங்கையைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். முந்நூற்றைம்பது வாற் மெஷின். தொடங்கும்போது இழுப்பதையும் தாங்குகிற அளவில் ஒரு பியூர் சைன் வேவ். இரண்டு பற்றரி. நாலு மணித்தியாலம் ஓடும்.

"அதுக்கு மேல போச்சுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இது அது வரைக்கும் தாங்கத்தான்."

எனக்கு முதன்முதலாக ஏதோ விளங்கியது. விஏயும் ஆம்பியர்-அவரும் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்... ஆனால் நாலு மணித்தியாலம் என்றால் எனக்குத் தெரியும். அடுத்த நாளே கிளிநொச்சியில் வாங்கி, அவரே வந்து பூட்டினார்.

கடந்த வாரம் சோளகம் ஊதித் தள்ளியது. காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. நான் அங்கேதான் இருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மெஷின் நிற்கவில்லை. அத்தான் கண்ணை மூடியபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அக்கா மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு லைட்டைக்கூடப் போட விடவில்லை. ஃபானைப் போடுவோமா என்று கேட்டதற்கு என்னை முறைத்தார். வேர்த்துக் கொட்டியபடி மூவரும் இருந்தோம். பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது. அக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். அங்கிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பின்னேரம் தீபன் வீடியோவில் வந்தான்.

"அப்பா, கரண்ட் போனதாமே? நான் அனுப்பினது ஓடினதோ?"

அத்தான் யோசிக்கவே இல்லை. "ஓமடா. நீ அனுப்பினதாலதான் இருக்கிறன்."

அக்கா உடனே போனைத் திருப்பி, சந்தனமும் குங்குமமுமாக இருந்த கனடாப் பெட்டியைக் காட்டினார். போன் சார்ஜர் கொழுவியிருந்ததால் அதில் பச்சை லைட்டும் எரிந்தது! தீபன் கண்ணைத் துடைத்தான். நான் வாசற்படியில் நின்று, இந்தப் பொய்யில் என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவன் சொன்னான் — "அம்மா, விசுவமடுவில பெரியப்பாவுக்கும் இப்ப ஒட்சிசன் மெஷின் குடுத்திருக்கினமாம். அவருக்கும் இதே மாதிரி ஒண்டு ஓடர் பண்ணீட்டன். வாற மாதம் ஒராள் வாறார், குடுத்துவிடுறன்."

அக்கா அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். போன் வைத்ததும் அத்தான் சொன்னார்:

"மச்சான், நீ எழுதிறவன்தானே. அவன்ர மனம் நோகாமல் பக்குவமாச் சொல்லு."

மூன்று தரம் அவனுக்கு எழுதி, மூன்று தரமும் அழித்துவிட்டேன். எப்படிச் சொல்வது? 'உன் பாசம் பாதி வோல்ற்' என்றா? பிறகுதான் ஞாபகம் வந்தது... வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவன் வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறவன்.

தீபன், அப்பா நல்லாக மூச்சு விடுகிறார். நீ அனுப்பியதில் அம்மா கரண்ட் இல்லாத நேரமும் போனைச் சார்ஜ் பண்ணி வைக்கிறா, உன்னோடு கதைக்க. அதில் பொய் இல்லை. பெரியப்பாவுக்கு வாங்கியதை மட்டும் பொதி கட்டுமுன் ஒருக்காப் புரட்டி அடியைப் பார், ராசா — 230 என்று இருக்க வேணும்.