வடக்கில் நிற்காத சூரியன்

நடுப்பகலில் சூரியன் நிற்கும் பக்கம்தான் வடக்கு என்று போன ஆகஸ்ட் வரை உறுதியாக நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வீடு தேடிய எவனும் அப்படித்தான் நம்புவான். ஏவன்டேல் பகுதியில் நாங்கள் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் விற்க வந்தவர் முதலில் காட்டியது சமையலறையை அல்ல, வடக்கை. வடக்கே ஜன்னல் என்றால் வெயில், தெற்கே என்றால் சுவரெல்லாம் பூஞ்சணம். பதினெட்டு வருடமாக வடக்குப் பக்கக் கொடியில் துணி காயப்போட்டவன் வேறு எதை நம்புவான்?

இங்கே குளிர்கால மழை கொட்டியபோது, கோடையைத் தேடி அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போனோம். நான், மனைவி, பக்கத்து வீட்டு யாழ்ப்பாண நண்பர். தினமும் செம்பாறைகளுக்கு நடுவே நடை. ஆறாம் நாள், ஒரு பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, வறண்ட ஆற்று மணலில் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். அகலமான ஓர் இடத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எழுந்து பார்த்தால் சுற்றிலும் நான்கு பாறை இடுக்குகள், நான்கும் ஒரே அச்சு. எதன் வழியாக வந்தோம்? இடுக்கு வாசல்கள் வரை வெறும் பாறைத் தரை, காலடி எதுவும் பதியவில்லை. என் செல்போன் சூட்டில் தானாகவே அணைந்திருந்தது. வழிகாட்டிப் பலகை ஒன்றுகூடக் கிடையாது. நடக்க வருகிறவன் செத்தால் சாகட்டும் என்கிற அலட்சியம்!

நான் சூரியனைப் பார்த்தேன். "வடக்கு இந்தப் பக்கம். வாங்க."

நாற்பது நிமிடம் கழித்து மனைவி நின்றாள். முகம் சிவந்திருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து அரை பாட்டில் தண்ணீர்.

"என்னங்க, வரும்போது இந்தப் பட்டமரம் இல்லையே."

"நீ செல்போனப் பாத்துட்டே வந்திருப்ப."

"என் செல்போன் வண்டியில கெடக்கு."

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். பாறைகளை வைத்தவனைத் திட்டினேன். பயணத்துக்கு யோசனை சொன்னவனைத் திட்டினேன், அது நான்தான் என்று நினைவு வந்த பிறகும் நிறுத்தவில்லை. "யாராவது இருக்கீங்களாடா!" என்று கத்தினேன். பாறை அதே மரியாதையோடு என்னைத் திருப்பிக் கேட்டது. என் இரங்கல் கூட்டத்தில் யார் அதிகம் பேசுவார்கள் என்று யோசித்தேன். ஒருவரும் தேறவில்லை என்பதில் இன்னும் ஆத்திரம்.

நண்பர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? சூரியன் வடக்கால நிக்கிறது எங்கட ஒக்லண்டிலதானே. இஞ்ச தெற்கால எல்லோ நிக்கும்?"

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்கள் கதைச்ச கதையில, சூரியனே மாறி நிக்கும் எண்டு நினைச்சன்."

"ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்க," என்றாள் மனைவி. "மணல்ல நம்ம காலடி இருக்கு. திரும்புங்க."

அவள் முன்னால் நடந்தாள். சாப்பிட்ட இடத்துக்கு வந்து எதிர்ப்பக்க இடுக்கில் நுழைந்தோம். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்தது. நண்பருக்கு இரண்டு முறை தலை சுற்றியது, நிழலில் உட்காரவைத்து உட்காரவைத்துக் கூட்டி வந்தோம். மூன்றரை மணிக்கு வண்டி தெரிந்தது. வண்டி வடக்கேதான் நின்றது. நான் இருவரையும் நாற்பது நிமிடம் தெற்கே கூட்டிப் போயிருந்தேன்.