பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பை

ஒரகடம் கூட்ரோட்டில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். அங்கிருந்து ஜவ்வாது மலைக்குப் போய் நான்கு நாள் காட்டுக்குள் நடப்பதாகத் திட்டம். அதற்கு ஒரு முதுகுப்பை வாங்க மூன்று மாதம் விமர்சனங்களாகப் படித்தேன். பனி, புயல், பாறை எல்லாவற்றையும் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து தூக்கித் தோளில் மாட்டும்போதே பட்டையின் கொக்கி உடைந்து கையோடு வருகிறது. டீக்கடை பெஞ்சைப் பற்றி யாரும் எழுதவில்லை.

நீல யூனிபார்மில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள்.

“இன்னா சார், புதுப் பையா?”

“ஆமாம்மா. சோதிச்சுதான் அனுப்பியிருக்காங்க” என்று உள்ளே ஒட்டியிருக்கும் பச்சை ஸ்டிக்கரைக் காட்டுகிறேன்.

அவளுக்குச் சிரிப்பு வருகிறது. “கார் சாமானுக்கு இதே ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் சார் என் வேலை, வல்லம் வடகால் கம்பெனில. ஷிப்ட் முடியிற நேரத்துல டார்கெட் வரலன்னா, பாக்காமயே ஒட்டிக்கினு போவோம்.”

எனக்கு வேறு பை இல்லை. வீட்டுக்குத் திரும்பவும் முகமில்லை. அவளுடைய சாப்பாட்டுப் பையின் அறுந்த கைப்பிடியில், பெட்டி கட்டி மிஞ்சிய நைலான் கயிறு சுற்றியிருக்கிறது. அதில் ஒரு முழம் அவிழ்த்து, கொக்கி இருந்த இடத்தில் கோத்து முடிச்சுப் போடுகிறாள். மூன்று முறை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறாள்.

“மலையில தாங்குமா?”

“என் பையில மூணு வருசமா கீது சார்.” வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொல்கிறாள். “இதுக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்டல.”