அண்ணனுக்குக் காட்டாத பீடி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குற்றாலத்து பஸ் வந்து நிற்கும். மகள் இறங்கி ஓடி வருவாள். நான் முதலில் அவள் தலையைத்தான் மோந்து பார்ப்பேன். அருவியில் குளித்த தலை. ஈரம்கூட சரியாகக் காய்ந்திருக்காது. அதையும் மீறி பீடி நாற்றம் அடிக்கும். மறுநாள் காலையில் இழுப்பு வந்துவிடும். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். கஞ்சி உள்ளே போகாது. பேச வாயைத் திறந்தால் விசில் மாதிரி மூச்சுதான் வரும்.

அப்போது அவளுக்கு ஆறேழு வயது. நானும் அவள் அப்பாவும் பிரிந்திருந்தோம். ஊர்க்கூட்டத்தில் தீர்த்துவிட்டார்கள். பிள்ளை என்னிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரிடம் என்று பேச்சு. அவர் குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தார். ஒரு லாட்ஜுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். எதிரே அவருடைய அண்ணனின் டீக்கடை.

நான் தென்காசியில் பீடி சுற்றினேன். பீடி சுற்றுகிறவள் பீடியைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். கேட்டார்கள். பிள்ளைக்கு இழுப்பு வந்த பிறகு நான் இலையையும் தூளையும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் சுளகோடு உட்கார்ந்து சுற்றினேன். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், புகை பக்கமே பிள்ளையை விடாதே என்றார். அடுத்த முறை அவள் அப்பா பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன்.

"பிள்ளைய வச்சுக்கிட்டு பீடி குடிக்காதயும். டாக்டர் சொல்லுதாரு."

"நீ சுத்துத, நான் குடிக்கேன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனிதானட்டி" என்று சிரித்தார்.

"வெளிய போயிக் குடியும்."

"வெளியவா? எதுத்தாப்புல அண்ணன் இருக்கான். அவன் முன்னால பீடி குடிக்கச் சொல்லுதியா? நல்லாச் சொன்ன போ."

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் குற்றாலம் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் சாக்கு தொங்கியது. தட்டினேன். உள்ளே தடபுடவென்று சத்தம். கதவைத் திறந்தார். வாயை மூடியிருந்தார். மூக்கு வழியாகப் புகை வந்தது.

"சவம், நீதானா? அண்ணனோன்னு பயந்துட்டேன்."

முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அணையாத பீடி. என் முன்னாலேயே வாயில் வைத்து இழுத்தார். மூலையில் பாயில் மகள் பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊர்க்கூட்டத்துக்குச் சொல்லிவிட்டேன். பிள்ளை இருக்கிற நேரம் பீடி கூடாது, இல்லையென்றால் அனுப்ப மாட்டேன் என்றேன். கோயில் மண்டபத்தில் கூடினார்கள்.

ஊர்ப் பெரியவர் எல்லாரையும் பார்த்தார். "அவன் பீடி குடிச்சு யாராவது பாத்திருக்கியளா?"

"எங்க முன்னால தொட்டது கிடையாது" என்றார்கள்.

"எந்தம்பியா?" என்றார் அண்ணன். "நான் பாத்ததே இல்ல. சாமி முன்னால சொல்லுதேன்."

பொய் யாரும் சொல்லவில்லை. பெரிய ஆள் யாரைக் கண்டாலும் மறைத்துவிடுவார். அவர்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? பார்த்தது நானும் பிள்ளையும். எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"நீ சுத்தி ஊருக்கெல்லாம் குடுக்க. ஒம் புருசன் குடிச்சா மட்டும் பொகையுதாக்கும்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

மகள் மண்டபத்துப் படியில் விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு ஈர்க்குச்சி. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உதட்டில் வைப்பதும் ஊதுவதுமாக இருந்தாள். பெரியவர் அவளிடமும் கேட்க நினைத்தார்போல. "ஏ பிள்ள, இங்கன வா" என்று கூப்பிட்டார்.

அவள் சட்டென்று குச்சியை உள்ளங்கைக்குள் மடக்கினாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து நின்றாள்.

மண்டபமே சிரித்தது. "அப்பனாட்டமேல்லா நிக்கா! என்ன மரியாத பாரும் அண்ணாச்சி!"

சாட்சி அவர்கள் கண் முன்னால் நின்றது. சிரித்துவிட்டு, பழையபடியே இருக்கட்டும் என்று சொல்லி எழுந்துபோனார்கள். அவருடைய அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் அவரை நிறுத்தினேன். "அத்தான், நீங்க ஒங்க தம்பிகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். ஞாயித்துக்கெழம அந்த ரூம்ல போயி சும்மா இருங்க. அது போதும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் உட்கார்ந்தார். மகள் வந்து சொன்னாள்: "பெரியப்பா பேப்பர் படிச்சாக. அப்பா எந்திரிக்காக, உக்காருதாக, எந்திரிக்காக." அன்றைக்கு அவள் தலையில் எண்ணெய் வாசனைதான் இருந்தது. திங்கட்கிழமை இழுப்பு வரவில்லை. கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

அந்த அறையில் பீடி என்ற பேச்சே எழவில்லை. பேசினால் அண்ணனுக்குத் தெரியும் என்றாகிவிடும். தெரிந்தால் மரியாதை போச்சு. அதனால் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சில வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப்போக அவள் அப்பா வரவில்லை. சீசன் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினார். அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு சாரல் நின்று சீசனும் முடிந்தது. அப்போதும் வரவில்லை. மகள் துவைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். பஸ் வரும். எல்லாரும் இறங்குவார்கள். கண்டக்டர் விசில் கொடுப்பார். நாங்கள் திரும்பி நடப்போம்.

பீடியா பிள்ளையா என்று நான் கேட்கவே இல்லை. அவரே சொல்லிவிட்டார்.

"பெரியப்பாவ அங்கன இருக்கச் சொன்னது நீதானம்மா?" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

"ஆமா."

அதற்குப் பிறகு அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. என்னிடமும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

பொங்கலுக்கு அவருடைய அண்ணன் கரும்பு கொண்டுவந்தார். நான் முருங்கை மரத்தடியில் இருந்தேன்.

"பிள்ளைக்கு இழுப்பு எப்படி இருக்கு?"

"வாரதில்ல அத்தான்."

"நல்லது." கரும்பை மரத்தில் சாய்த்துவைத்தார். "எந்தம்பிய நீ என்னமும் சொல்லிக்கோ. இன்னைக்கு வரைக்கும் எம் முன்னால ஒரு பீடி பத்த வச்சதில்ல. அந்த மரியாத யாருக்கு வரும்?"

மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுற்றிய பீடியின் வாயை மடக்கி நூலைக் கட்டினேன்.

"யாருக்கும் வராது அத்தான்" என்றேன்.